அல்சரேட்டிவ் கொலைட்டிஸா, கிரோன் நோயா: பெயர் மாறினால் என்னென்ன மாறும்?

கேள்வி இதுதான்: சில மாதங்களாக ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு. கேமராக் கருவி விட்டுக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி அறிக்கையில் 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' என்று எழுதியிருக்கிறது. இன்னொரு மருத்துவர் பார்த்துவிட்டு 'கிரோன் நோயாகவும் இருக்கலாம்' என்கிறார். இரண்டுமே குடல் அழற்சி நோய்தான், மருந்தும் ஏறக்குறைய ஒன்றுதான் என்னும்போது, பெயர் எதுவாக இருந்தால் என்ன?

பெயர் முக்கியம். ஸ்டீராய்டும் சில ஊசி மருந்துகளும் இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் ஒன்றுபோலத் தோன்றுகிறது. ஆனால் மெசலமைன் மாத்திரை வேலை செய்யுமா, சிறுகுடலையும் சோதிக்க வேண்டுமா, அறுவை சிகிச்சை செய்தால் நோய் தீருமா என்ற மூன்று கேள்விகளுக்கும் இரண்டு நோய்களில் பதில் வேறு வேறு.

வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளக் குடல் சுவரிலிருந்து தொடங்குவது நல்லது. அந்தச் சுவருக்கு நான்கு அடுக்குகள்: உள்பக்கம் சளிச்சவ்வு, அதன் கீழே ரத்தக் குழாய்கள் ஓடும் மெல்லிய இணைப்புத் திசு, அடுத்து தசை, கடைசியாக வெளியுறை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெரும்பாலும் சளிச்சவ்வோடு நின்றுவிடும். கிரோன் நோய் நான்கு அடுக்குகளையும் ஊடுருவும். ஒன்றில் சுவரின் பூச்சு உரிகிறது, மற்றதில் சுவரே விரிசல் விடுகிறது. அறிகுறி, சிக்கல், மருந்து, அறுவை சிகிச்சை என்று பின்னால் வரும் வேறுபாடுகளில் பாதிக்கு மேல் இந்த ஆழத்திலிருந்துதான் பிறக்கின்றன. மீதி, நோய் உட்காரும் இடத்தைப் பொறுத்தது.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் பரவும், பெருங்குடலைத் தாண்டாது. மலக்குடலோடு நின்றால் ஒரு வகை. இடது பக்கம் மண்ணீரல் அருகே பெருங்குடல் வளையும் இடம் வரை போனால் இன்னொரு வகை. அதையும் தாண்டினால் விரிந்த வகை. 2005ஆம் ஆண்டு மான்ட்ரியல் வகைப்பாட்டில் இவற்றுக்கு இ1, இ2, இ3 என்று குறியீடு கொடுத்தார்கள். அறிக்கையில் இந்தக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். மருந்து மேலிருந்து போக வேண்டுமா கீழிருந்து போக வேண்டுமா என்பதையும், பிற்காலத்தில் புற்றுநோய்க் கண்காணிப்பு தேவையா என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது.

உரிந்த சளிச்சவ்வு கசிவதால் ரத்தமும் சளியும் இந்த நோயின் முகவரி. அதோடு கடுப்பு: போக வேண்டும் என்ற அவசரம், போய் உட்கார்ந்தால் கொஞ்சம் சளியும் ரத்தமும் மட்டும், எழுந்த ஐந்தாவது நிமிடம் மறுபடி அதே அவசரம். மலக்குடல் வகையில் ஒரு விசித்திரமும் உண்டு. கீழே அழற்சி இருக்க, மேலே மலம் தேங்கி இறுகும். மலச்சிக்கலோடு ரத்தம் வந்தால் எல்லோரும் மூலம் என்றே நினைப்பார்கள். மூலத்துக்கான களிம்பு தடவிக்கொண்டே மாதக்கணக்கில் ஓட்டியவர்களில் சிலருக்கு இருந்தது இந்த மலக்குடல் அழற்சி. ரத்தத்தோடு சளியும் சேர்ந்து வந்தால், மூலம் என்று முடிவு கட்டுமுன் உள்ளே பார்த்துவிட வேண்டும்.

கிரோன் நோய், வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம். மிகவும் பிடித்த இடம், சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் சந்தி. கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் 1932இல் இதை விவரித்தபோது சிறுகுடலின் கடைசிப் பகுதி நோயாகத்தான் விவரித்தார்கள். மற்ற இடங்களிலும் வரும் என்பது பின்னால் தெளிவானது. இது விட்டு விட்டு வரும். புண்பட்ட ஒரு பகுதி, நடுவே நல்ல குடல், மறுபடி புண்பட்ட பகுதி. மலக்குடல் பெரும்பாலும் தப்பிவிடும், ஆனால் ஆசனவாயைச் சுற்றி நோய் வரக்கூடும்.

சுவர் முழுவதும் அழற்சி என்றால் என்ன நடக்கும்? ஆறும்போது தழும்பு சுவரின் முழுத் தடிமனிலும் விழுந்து குடல் குறுகும். சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் சுருட்டிப் பிடிக்கும் வலி, வயிறு உப்புசம், வாந்தி எல்லாம் அதனால் வருபவை. புண் வெளியுறையையும் துளைத்தால் பக்கத்துக் குடலுக்கோ சிறுநீர்ப்பைக்கோ தோலுக்கோ வழி உண்டாகும். சிறுநீரில் காற்றுக் குமிழி வந்தால் அதன் பொருள் இதுதான். வழி எங்கும் திறக்காமல் வயிற்றுக்குள்ளேயே நின்றால் சீழ்க்கட்டி. ஆசனவாய் அருகே திறந்தால் பௌத்திரம். அறுவை செய்தும் திரும்பத் திரும்ப வரும் பௌத்திரத்துக்குப் பின்னால் கிரோன் இருக்கிறதா என்று யாராவது ஒருவர் கேட்டே ஆக வேண்டும்.

சிறுகுடல் கிரோனில் ரத்தம் கண்ணில் படாமலேயே போகலாம். வலது அடிவயிற்று வலி, எடைக் குறைவு, விட்டு விட்டு வரும் காய்ச்சல், காரணம் புரியாத ரத்தசோகை, பிள்ளைகளானால் உயரம் நின்றுபோவதும் பருவமடைதல் தள்ளிப்போவதும். ரத்தம் பார்த்தால் மனிதர் மருத்துவரிடம் ஓடுகிறார். வலியையும் இளைப்பையும் பொறுத்துக்கொள்கிறார். கிரோன் தாமதமாகப் பிடிபடுவதற்கு இது பெரிய காரணம்.

புகையிலை விஷயத்தில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. கிரோனில் புகைப்பவருக்கு நோய் கடுமையாகும், அறுவைக்குப் பின் திரும்ப வரும் வாய்ப்பும் கூடும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸோ, புகைப்பதை நிறுத்திய சில மாதங்களில் முதன்முதலாகத் தலைகாட்டுவது உண்டு. அதற்காகச் சிகரெட்டை மருந்தாக்கிக்கொள்ள வேண்டாம். இதயமும் நுரையீரலும் கொடுக்கும் விலைக்கு அது ஈடாகாது.

இனி, முடிவு எப்படி எட்டப்படுகிறது என்பது. முதலில் மலப் பரிசோதனை: அமீபா, பாக்டீரியாத் தொற்று, கிளாஸ்டிரிடியாய்டிஸ் டிஃபிசில் நச்சு. தொற்றும் இதே ரத்தத்தையும் சளியையும் தரும். மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குடல் அழற்சி இருக்கும் வாய்ப்பு குறைவு. 250க்கு மேல் போனால் அழற்சி நன்றாகவே நடக்கிறது. ஆனால் வலி மாத்திரைகளும் தொற்றும்கூட இதை ஏற்றும். அழற்சி எங்கோ இருக்கிறது என்று மட்டும் சொல்லும் சோதனை இது. கிரோனா கொலைட்டிஸா என்று பிரித்துச் சொல்லாது. ஆஸ்கா, பி-ஆன்கா என்ற ரத்தச் சோதனைகளும் தனியாக நின்று முடிவு சொல்லப் போதாதவை.

கொலோனோஸ்கோபிதான் முக்கியம், அது சரியாகச் செய்யப்பட்டதா என்பது இன்னும் முக்கியம். உங்கள் அறிக்கையில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். கருவி சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குள் நுழைந்ததா? நுழையாமல் பெருங்குடலோடு திரும்பியிருந்தால், கிரோன் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. பயாப்சி எத்தனை இடங்களில் எடுத்தார்கள்? சிறுகுடல் முனையிலும் மலக்குடல் உட்படப் பெருங்குடலில் ஐந்து இடங்களிலும், இடத்துக்கு இரண்டு துண்டாவது எடுத்து, இடவாரியாகத் தனித்தனிப் புட்டியில் போட்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே புட்டியில் போட்டுவிட்டால், எது எங்கிருந்து வந்தது என்ற தகவலே தொலைந்துபோகும். இடைவெளி விட்டு வருகிறதா என்பதுதானே கேள்வி! மூன்றாவது, பார்வைக்கு நன்றாக இருக்கும் பகுதியிலிருந்தும் துண்டு எடுத்தார்களா? கண்ணுக்குத் தெரியாத அழற்சி நுண்நோக்கியில் தெரியும்.

நேரமும் முக்கியம். மருந்து தொடங்குமுன் செய்த கொலோனோஸ்கோபிக்கு இருக்கும் மதிப்பு பின்னால் செய்ததற்கு இல்லை. எனிமா மருந்து போட்டு மலக்குடல் ஆறிவிட்டால், மேலே புண்ணும் கீழே நலமுமாகப் பார்க்கக் கிரோன் போலவே இருக்கும். இதுபோல வழி தவறச் செய்பவை இன்னும் இரண்டு உண்டு. இடது பக்கம் மட்டும் கொலைட்டிஸ் உள்ள சிலருக்குக் குடல்வால் வாயைச் சுற்றித் தனியாக ஒரு சிவந்த திட்டு இருக்கும். பெருங்குடல் முழுவதும் கொலைட்டிஸ் உள்ள சிலருக்குச் சிறுகுடல் முனையிலும் லேசான அழற்சி எட்டிப் பார்க்கும். இரண்டுமே அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்குள் அடங்குபவை. அவற்றைப் பார்த்துக் கிரோன் என்று அவசரமாகப் பெயர் மாற்றிய அறிக்கைகள் ஏராளம்.

கிரோன் சந்தேகம் இருந்தால் சிறுகுடலைப் படம் பிடிக்க வேண்டும்: எம்ஆர் அல்லது சிடி என்டரோகிராபி. கேப்சூல் கேமரா விழுங்குவதற்கு முன் குடல் எங்கும் குறுகவில்லை என்று உறுதிப்படுத்திக்கொள்வது அவசியம். இல்லையென்றால் கேமரா உள்ளேயே சிக்கி, அதை எடுக்கவே அறுவை தேவைப்படலாம். பௌத்திரம் இருந்தால் இடுப்பு எம்ஆர்ஐ.

காசநோய் பரவலாக உள்ள நாடுகளில் இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு: கிரோனா, குடல் காசநோயா? இரண்டுக்கும் பிடித்தது அதே சந்தி. இரண்டிலும் எடை குறையும், காய்ச்சல் வரும், குடல் குறுகும், பயாப்சியில் கிரானுலோமா (அழற்சி அணுக்கள் திரண்ட சிறு முடிச்சு) தெரியும். சில தடயங்கள் உதவும். காசநோயில் புண்கள் குடலைச் சுற்றிக் குறுக்காக ஓடும், சந்தியிலுள்ள வால்வு வாய் பிளந்து நிற்கும், வயிற்றில் நீர் கோக்கலாம், கிரானுலோமாக்கள் பெரிதாக, ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவே அழுகியிருக்கும். கிரோனில் புண்கள் நீளவாட்டில் ஓடும், நடுநடுவே நல்ல பகுதி இருக்கும், ஆசனவாய் நோய் சேர்ந்திருக்கலாம். ஜீன்எக்ஸ்பர்ட் சோதனையில் காசக்கிருமி தெரிந்தால் முடிவு உறுதி. தெரியாவிட்டால் காசநோய் இல்லை என்று பொருளல்ல, ஏனெனில் குடல் துண்டுகளில் கிருமி மிகக் குறைவாகவே இருக்கும்.

தீர்க்க முடியாத நிலையில் காசநோய் மருந்தை முதலில் தொடங்கி, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி கொலோனோஸ்கோபி செய்து புண் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். இங்கே நடக்கும் தவறு, பசி எடுக்கிறது, எடை ஏறுகிறது என்பதை வைத்தே மருந்து வேலை செய்கிறது என்று ஆறு மாதம் ஓட்டுவது. கிரோன் உள்ளவருக்கும் அந்த மருந்தில் தற்காலிகமாகத் தேறுவது உண்டு. ஆறிய புண்ணே சாட்சி. தலைகீழ்த் தவறு இன்னும் ஆபத்தானது: காசநோய்க்குக் கிரோன் என்று பெயரிட்டு ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி உடலெங்கும் பரவும்.

எந்தப் பெட்டியிலும் அடங்காதவர்களும் உண்டு. பெருங்குடலில் மட்டும் நோய் இருந்து எல்லாச் சோதனைக்குப் பிறகும் பிரிக்க முடியாதவர்கள் பத்தில் ஒருவர் அளவுக்கு இருப்பார்கள். 'வகைப்படுத்த இயலாத ஐபிடி' என்று எழுதுவார்கள் (ஐபிடி என்றால் குடல் அழற்சி நோய்). இது மருத்துவரின் தோல்வி அல்ல, காலம் போகப் போகப் பலருக்கு ஒரு பக்கம் தெளிவாகும். மைக்ராஸ்கோப்பிக் கொலைட்டிஸ் தனி ரகம்: நடு வயதைத் தாண்டியவர்களுக்கு, பெண்களுக்கு அதிகமாக, ரத்தமில்லாத நீர்த்த வயிற்றுப்போக்கு. கொலோனோஸ்கோபியில் எல்லாம் நன்றாக இருக்கும், பயாப்சியில்தான் பிடிபடும். வலி மாத்திரையும் அமிலம் குறைக்கும் மாத்திரையும் தூண்டலாம். புடசோனைடு என்ற ஸ்டீராய்டுக்கு நன்றாகக் கேட்கும். ஐபிஎஸ் (எரிச்சல் குடல் நோய்க்குறி) என்பது அழற்சியே இல்லாத வேறு கோளாறு. ரத்தம், எடைக் குறைவு, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஐபிஎஸ் என்று ஒதுக்கக் கூடாது.

சிகிச்சைக்கு வருவோம். லேசான, நடுத்தரமான அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு மெசலமைன்தான் அடித்தளம். அது சளிச்சவ்வின் மேற்பரப்பில் வேலை செய்யும் மருந்து. நோயும் அங்கேயே இருப்பதால் பொருந்துகிறது. மலக்குடல் வகைக்கு இரவில் 1 கிராம் சப்போசிட்டரி, மாத்திரையைவிட மேல். இடது பக்க வகைக்கு எனிமாவும் மாத்திரையும் சேர்த்து. மாத்திரை நாளொன்றுக்கு 2 முதல் 4.8 கிராம் வரை. எனிமா என்றதும் முகம் சுளித்து மாத்திரையே போதும் என்பவர்கள் அதிகம், ஆனால் புண் இருக்கும் இடத்துக்கு மருந்து போய்ச் சேராவிட்டால் பயனில்லை. மலம் கழித்த பிறகு, படுக்கப் போகும் நேரத்தில், இடது பக்கமாகப் படுத்துப் போட்டால் உள்ளே தங்கும். முதல் சில நாள் தங்காமல் வெளியே வந்தாலும் அழற்சி தணியத் தணியத் தங்கத் தொடங்கும். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தேறாவிட்டால் ஸ்டீராய்டு. மெசலமைன் தொடங்கிய சில வாரத்தில் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கூடினால், அரிதாக அந்த மருந்தே ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம். சிறுநீரகத்தையும் அது அபூர்வமாகப் பாதிக்கும் என்பதால் வருடம் ஒருமுறையாவது கிரியேட்டினின் பார்ப்பார்கள்.

கிரோனில் மெசலமைன் ஏமாற்றும். நோய் சுவருக்குள் ஆழத்தில் இருக்க, மருந்து மேலோடு நிற்கிறது. கிரோன் என்று உறுதியான பிறகும் வருடக்கணக்கில் மெசலமைன் மட்டும் எழுதப்படும் சீட்டுகள் இன்றும் உண்டு. அந்த வருடங்களில் குடல் சத்தமில்லாமல் குறுகிக்கொண்டிருக்கும். சந்தியில் மட்டும் உள்ள லேசான கிரோனுக்குப் புடசோனைடு 9 மி.கி.; கடுமையானால் பிரெட்னிசோலோன் 40 மி.கி.யில் தொடங்கி வாரம் 5 மி.கி.யாகக் குறைப்பது. பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டுக்கு முன் வேறு வழி உண்டு: ஆறு முதல் எட்டு வாரம் சாதாரண உணவை முழுக்க நிறுத்தி மருத்துவத் திரவ உணவு மட்டும். வளர்ச்சி கெடாமல் அழற்சி தணியும்.

ஸ்டீராய்டு எந்த நோயிலும் தீயை அணைக்க மட்டுமே. அதைக் குறைக்கும்போதெல்லாம் நோய் திரும்பினால் அடுத்த படிக்குப் போக வேண்டும், பழைய அளவுக்கே திரும்பத் திரும்பப் போகக் கூடாது. அடுத்த படியில் அசதியோபிரின், கிலோவுக்கு 2 முதல் 2.5 மி.கி.; பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாகும். தொடங்குமுன் டிபிஎம்டி, நட்15 மரபணுச் சோதனை செய்தால் வெள்ளையணுக்கள் திடீரெனச் சரியும் ஆபத்துள்ளவர்களை அடையாளம் காணலாம். யூரிக் அமிலத்துக்கு அலோபியூரினால் எடுப்பவர் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கும். தொடக்கத்தில் சொன்ன ஊசி மருந்துகளான உயிரியல் மருந்துகளில் இன்ஃப்ளிக்ஸிமாப், கிலோவுக்கு 5 மி.கி., 0, 2, 6ஆம் வாரங்களிலும் பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறையும். பௌத்திரம் உள்ள கிரோனில் இதன் பலன் நன்கு நிறுவப்பட்டது. ஆனால் சீழ்க்கட்டி இருந்தால் அதை வடித்து, பௌத்திர வழி அடைபடாதபடி நூல் போட்ட பிறகே ஊசி. அடலிமுமாப், வெடோலிசுமாப், உஸ்டெகினுமாப் ஊசிகளும் உபடாசிடினிப் மாத்திரையும் இரண்டு நோய்க்கும் பயன்படுகின்றன. உயிரியல் மருந்து தொடங்குமுன் மார்பு எக்ஸ்ரே, மறைந்திருக்கும் காசநோய்க்கான சோதனை, ஹெபடைட்டிஸ் பி சோதனை ஆகியவற்றைத் தாண்டிப் போகவே கூடாது.

மூட்டு மருத்துவரிடமும் போகிறவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: முதுகெலும்பு அழற்சிக்குக் கொடுக்கப்படும் செகுகினுமாப் கிரோனைக் கிளறிவிடலாம். டைக்லோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் இரண்டு நோயையும் தூண்டும். வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

அறுவை சிகிச்சையில்தான் பெயரின் எடை முழுதாகத் தெரியும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் பெருங்குடலையும் மலக்குடலையும் எடுத்துவிட்டால் குடல் நோய் அத்தோடு முடிகிறது. சிறுகுடலின் முனையை மடித்துப் பை போலத் தைத்து ஆசனவாயோடு இணைப்பார்கள். பிறகு நாளுக்கு ஐந்தாறு முறை மலம் போகும். கணிசமானவர்களுக்கு அந்தப் பையில் அழற்சி வந்து ஆன்டிபயாடிக் தேவைப்படும். இதே அறுவையைக் கிரோன் என்று தெரியாமல் செய்துவிட்டால், பையிலேயே நோய் வந்து பௌத்திரமாகி, பையையே எடுக்க நேரலாம். கிரோனில் அறுவை நோயைத் தீர்க்காது. குறுகிய துண்டை மட்டும் எடுப்பார்கள் அல்லது வெட்டாமல் அகலப்படுத்தித் தைப்பார்கள், ஏனென்றால் மிச்சம் வைக்கும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் பின்னால் தேவைப்படும். நோய் பெரும்பாலும் தையல் போட்ட இடத்திலேயே திரும்புவதால், ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மறுபடி கொலோனோஸ்கோபி செய்து பார்ப்பார்கள். சிறுகுடல் முனையில் 20 சென்டிமீட்டருக்கு மேல் போய்விட்டால் பி12 உறிஞ்சப்படாது. வாழ்நாள் முழுக்க ஊசி தேவைப்படலாம்.

நீண்ட காலக் கண்காணிப்பில், அழற்சி பெருங்குடலில் பரவலாக இருப்பவருக்கு, அது எந்த நோயானாலும், அறிகுறி தொடங்கி எட்டு வருடத்திலிருந்து புற்றுநோய்க்கான கொலோனோஸ்கோபி தொடங்கும். மலக்குடலோடு நின்றவருக்கு அது வேண்டாம். பித்தநாளத் தழும்பு நோய் சேர்ந்திருந்தால் எட்டு வருடம் காத்திருக்கக் கூடாது. கண்டறிந்த ஆண்டிலிருந்தே வருடாவருடம்.

அவசரமும் இரண்டில் வேறு முகம் காட்டும். கொலைட்டிஸில் நாளுக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், கூடவே நாடித்துடிப்பு 90க்கு மேலோ, காய்ச்சல் 37.8 டிகிரி செல்சியஸுக்கு மேலோ, ஹீமோகுளோபின் 10.5க்குக் கீழோ இருந்தால் அது வீட்டில் வைத்துப் பார்க்கும் நிலை அல்ல. ட்ரூலவ், விட்ஸ் இருவரும் 1955இல் வகுத்த இந்த அளவுகோல் இன்றும் நடப்பில் இருக்கிறது. மருத்துவமனையில் ஸ்டீராய்டு ரத்தக் குழாய் வழி போகும், ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரினும் போகும் (ரத்தம் போகிறவருக்கு ஹெப்பாரினா என்று வீட்டார் பதறுவார்கள், இந்த நிலையில் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து பெரிது). மூன்றாவது நாள் கணக்குப் பார்த்து, கேட்கவில்லை என்றால் இன்ஃப்ளிக்ஸிமாப் அல்லது சைக்ளோஸ்போரின், அதற்கும் கேட்காவிட்டால் அறுவை. இந்த நேரத்தில் வயிற்றுப்போக்கை நிறுத்த லோப்பரமைடு எடுத்தால் பெருங்குடல் ஊதி வெடிக்கும் நிலைக்குப் போகலாம். கிரோனில் பயப்பட வேண்டியவை வேறு: காற்றும் மலமும் போகாமல் வாந்தியோடு வயிறு உப்புவது, அல்லது குளிர்க்காய்ச்சலோடு ஓரிடத்தில் நிலைத்த வலி. முன்னது அடைப்பு, பின்னது சீழ்.

உங்கள் நிலையில் அடுத்து செய்ய வேண்டியது: கொலோனோஸ்கோபிப் படங்களையும் பயாப்சிக் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்குங்கள், அவை தரப்படும். தகடுகளைக் குடல் நோய்க்கூறு நன்கு பார்க்கும் ஒருவரிடம் மறுபடி காட்டுங்கள். சிறுகுடல் முனை பார்க்கப்படவில்லை என்றால் எம்ஆர் என்டரோகிராபிக்குக் கேளுங்கள். அதுவரை, ரத்தமும் சளியும் இருக்கும் பட்சத்தில், மருத்துவர் எழுதிய மெசலமைனை நிறுத்த வேண்டாம். ஸ்டீராய்டு மட்டும் காசநோய் சந்தேகம் தீராமல் தொடங்கக் கூடாது.